வீட்டு முற்றத்தில் பறவைகளுக்கு உணவிடுதல்: வரலாறும் தமிழ் மரபும்

வீட்டு முற்றம், கொல்லை, மாடி, சன்னல் ஓரம் ஆகிய இடங்களில் தானியமும் நீரும் வைத்துக் காட்டுப் பறவைகளை வரவழைக்கும் பழக்கம் உலகின் பல நாடுகளில் காணப்படுகிறது. வட அமெரிக்காவில் சிக்கடி என்னும் சிறு குருவியை வரவழைப்பதற்காகவே தோட்டங்களில் தீனித்தட்டுகளைத் தொங்கவிடுகின்றனர். தமிழ்நாட்டில் இதே செயல் காக்கைக்குச் சோறு வைத்தல், தாழ்வாரத்தில் நெற்கதிர் கட்டுதல், கோயிலில் பறவைகளுக்கு அமுது படைத்தல் எனப் பல வடிவங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இக்கட்டுரை இப்பழக்கத்தின் வரலாற்றையும், புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலை போன்ற சிற்றூர்களில் அது பெற்றுள்ள மாற்றத்தையும், உணவிடுவதால் பறவைகளுக்கு விளையும் நன்மை தீமைகளையும் விளக்குகிறது.

சிக்கடியும் பட்டாணிக்குருவியும்

சிக்கடி என்பது பட்டாணிக்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்கப் பறவை. அதன் குரல் 'சிக்-எ-டீ-டீ' என ஒலிப்பதால் இப்பெயர் வந்தது. அக்குரலின் இறுதியில் வரும் 'டீ' ஒலியின் எண்ணிக்கை வெறும் ஓசை அன்று. பெரிய ஆபத்தைத் தரக்கூடிய வேட்டைப் பறவையைக் கண்டால் சிக்கடி 'டீ' ஒலியைக் கூடுதலாக எழுப்பித் தன் கூட்டத்தை எச்சரிக்கிறது என்பதை 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

கருந்தொப்பிச் சிக்கடியின் எடை ஏறத்தாழ 9 முதல் 14 கிராம்தான். இவ்வளவு சிறிய உடலுடன் அது பனிக்காலத்தையும் அங்கேயே கழிக்கிறது. தெற்கு நோக்கி வலசை போவதில்லை. இதற்கு அதனிடம் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, இரவில் உடல் வெப்பத்தைப் பகல் நேர அளவைவிடச் சுமார் 10 பாகை செல்சியசு வரை குறைத்துக்கொண்டு கொழுப்பைச் சேமிப்பது. இரண்டாவது, இலையுதிர் காலத்திலேயே ஆயிரக்கணக்கான விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்து வைத்து, பின்னர் நினைவில் கொண்டு எடுத்து உண்பது. தீனித்தட்டுக்கு வரும்போதும் அது ஒரே ஒரு விதையைக் கவ்விக்கொண்டு அருகிலுள்ள கிளைக்குப் பறந்து, கால்களுக்கிடையே பிடித்துக் கொத்தி உடைத்து உண்ணும். பிறகு மீண்டும் வரும்.

தமிழ்நாட்டில் சிக்கடி இல்லை. அதன் நெருங்கிய உறவினமான பட்டாணிக்குருவி உள்ளது. கருந்தலை, வெண்கன்னம், சாம்பல் முதுகு, வயிற்றின் நடுவே ஓடும் கருங்கோடு ஆகியவை இதன் அடையாளங்கள். சிட்டுக்குருவியைவிடச் சற்றுச் சிறிய இப்பறவை மலைச்சாரல் காடுகளிலும் தோட்டங்களிலும் இலைகளுக்கிடையே புழு, பூச்சிகளைத் தேடித் திரியும். மரப்பொந்திலும் சுவர்த் துளையிலும் கூடு கட்டும். சமவெளி ஊர்களில் இதன் இடத்தைச் சிட்டுக்குருவி, தவிட்டுக்குருவி, மைனா, கொண்டைக்குருவி, புள்ளிச் சில்லை ஆகியவை நிரப்புகின்றன.

மேலை நாடுகளில் வளர்ந்த வழக்கம்

ஐரோப்பாவில் பறவைகளுக்கு உணவிடுதல் தொடக்கத்தில் இரக்கச் செயலாகவே இருந்தது. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் ஸ்காட்லாந்துத் துறவி செர்ஃப் ஒரு ராபின் பறவைக்கு உணவளித்துப் பழக்கினார் என்பது அந்நாட்டு மரபுக் கதை. 1820-களில் இங்கிலாந்தின் சுராப்சயர் பகுதியைச் சேர்ந்த ஜான் ஃப்ரீமன் டோவஸ்டன் தம் சன்னல் அருகே பறவைகளுக்கென ஒரு தீனித்தொட்டியை அமைத்தார். பறவையைச் சுட்டு வீழ்த்தி ஆராய்வதே வழக்கமாக இருந்த காலத்தில், உயிருடன் அருகில் இருந்து பார்க்க ஒரு வழி அதனால் கிடைத்தது.

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரைக் குடிலில் தனியே வாழ்ந்தார். பனிக்காலத்தில் குடிலின் வாசலில் மக்காச்சோளக் கதிர்களை வீசி வைத்துப் பறவைகளும் அணில்களும் வருவதைக் கவனித்தார். அவரது நூலில் சிக்கடிகள் பலமுறை இடம்பெறுகின்றன.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஹான்ஸ் ஃபான் பெர்லெப்ஷ் பறவைப் பாதுகாப்பை முறைப்படுத்தினார். உருக்கிய கொழுப்பில் விதைகளைக் கலந்து ஊசியிலை மரக்கிளைகளில் ஊற்றி உறையவைப்பது அவர் பரப்பிய முறைகளுள் ஒன்று. 1890–91-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் பிரித்தானிய நாளிதழ்கள் பறவைகளுக்கு உணவு வைக்குமாறு மக்களை வேண்டின. 1910-இல் 'பஞ்ச்' இதழ் பறவைக்கு உணவிடுதலை நாட்டு மக்களின் பொழுதுபோக்கு என்றே குறிப்பிட்டது. ஆனால் இரண்டாம் உலகப்போரின்போது உணவை வீணாக்குவதைத் தடுக்க 1940-இல் ஆணை வந்ததும், ரொட்டித் துண்டைப் பறவைக்கு எறிவதுகூடத் தண்டனைக்குரியதாகியது. மனிதருக்குத் தட்டுப்பாடு வரும்போது பறவையின் பங்குதான் முதலில் குறையும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

போருக்குப் பின் இது பெரும் வணிகமாக வளர்ந்தது. எண்ணெய்ச் சத்து மிகுந்த கருஞ்சூரியகாந்தி விதை, நிலக்கடலை, கொழுப்புக் கட்டி ஆகியவை சிக்கடிக்கு ஏற்ற தீனிகள் எனக் கண்டறியப்பட்டன. சிறு துளைகளும் குறுகிய இருக்கைகளும் கொண்ட தீனிக் குழாய்கள் கடைகளுக்கு வந்தன. பெரிய பறவைகள் அவற்றில் வசதியாக உட்கார முடியாது, சிக்கடியால் முடியும்.

இந்தியாவில் பழைய சான்றுகள்

இந்தியாவில் விலங்குகளையும் பறவைகளையும் காக்கும் எண்ணம் அரசாணையாகவே பொறிக்கப்பட்டுள்ளது. அசோகர் தம் ஐந்தாம் தூண் கட்டளையில் கொல்லக்கூடாத உயிர்களைப் பட்டியலிடுகிறார். அப்பட்டியலின் தொடக்கத்திலேயே கிளியும் மைனாவும் வருகின்றன.

குசராத்தில் 'சபூத்ரோ' எனப்படும் பறவைத் தீனி மாடங்கள் ஊர்ப் பொது இடங்களில் கட்டப்பட்டன. உயரமான தூணின் மேல் வேலைப்பாடு மிக்க சிறு மண்டபம் போல அமைந்த இவற்றில் நாள்தோறும் தானியம் இடப்படும். பூனையும் நாயும் ஏற முடியாத உயரத்தில் தீனி வைக்கும் நுட்பம் இன்றைய தீனித்தட்டுக்கும் பொருந்துவதே. அகமதாபாத்தின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் இவற்றை இன்றும் காணலாம். சமண, வைணவ வணிகச் சமூகங்களின் கொல்லாமை நெறி இவற்றுக்கு ஆதரவாக இருந்தது.

சங்க இலக்கியத்தில் பறவையும் தானியமும்

தமிழ் நிலத்தில் பறவைக்கும் தானியத்துக்கும் உள்ள உறவு இருமுகம் கொண்டது. ஒருபுறம் விரட்டுதல், மறுபுறம் விருந்திடுதல்.

குறிஞ்சி நிலப் பெண்கள் தினைப்புனத்தில் பரண் மேல் இருந்து தட்டை, கவண் முதலிய கருவிகளால் கிளிகளை ஓட்டியதைச் சங்கப் பாடல்கள் பல கூறுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரும் நெல்லைக் கவர வந்த கோழியை விரட்டப் பெண்கள் தம் பொற்காதணியைக் கழற்றி எறிகின்றனர். இது ஊரின் செல்வ வளத்தைக் காட்ட வந்த செய்தி. ஆயினும் உலரும் நெல்லைத் தேடிப் பறவை முற்றத்துக்கு வந்தது அன்றாட நிகழ்ச்சி என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

விருந்திடுதலுக்குச் சிறந்த சான்று குறுந்தொகையின் 210-ஆம் பாடல். காக்கை கரைந்தால் விருந்தினர் வருவர் என்பது பழந்தமிழர் நம்பிக்கை. தலைவன் வரவைக் கரைந்து அறிவித்த காக்கைக்கு, நள்ளியின் கானத்து ஆயர்களின் பசு நெய்யும் தொண்டி நகரத்து வெண்ணெல் சோறும் ஏழு கலங்களில் ஏந்திக் கொடுத்தாலும் அது சிறிதே என்று தோழி கூறுவதாக அப்பாடல் அமைந்துள்ளது. இதைப் பாடிய நச்செள்ளையார் காக்கை பாடினியார் என்றே பெயர் பெற்றார். உணவைக் கண்ட காக்கை மறைக்காமல் தன் இனத்தை அழைத்து உண்ணும் என்பதைத் திருவள்ளுவர் 527-ஆம் குறளில் சுற்றந்தழாலுக்கு எடுத்துக்காட்டாக்கினார். சிக்கடி விதையை ஒளித்து வைத்து வாழ்கிறது. காக்கை அழைத்து உண்கிறது. ஒவ்வொரு நாட்டு மக்களும் தம் வாசலுக்கு வரும் பறவையிடமிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டுள்ளனர்.

பறவை மனிதருக்கு உணவு தந்த கதையும் தமிழில் உண்டு. மூவேந்தர் பறம்பு மலையை முற்றுகையிட்டபோது, பழக்கப்பட்ட பறவைகள் வெளியே சென்று நெற்கதிர்களைக் கொண்டுவந்து பாரியின் மக்களைக் காத்தன என்ற குறிப்பு அகநானூற்றில் இருக்கிறது. பறம்பு மலை இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை எனக் கருதப்படுகிறது. அது புதுக்கோட்டைச் சீமைக்கு அண்டையில் உள்ள மலை.

குடுமியான்மலை வட்டாரம்

குடுமியான்மலை புதுக்கோட்டை நகருக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ளது. சிகாநாதசுவாமி கோயிலாலும், பாறையில் பொறிக்கப்பட்ட 7-ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டாலும் புகழ் பெற்ற ஊர். இதன் பழம்பெயர் திருநலக்குன்றம். அருகிலுள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் 9-ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் தாமரைக் குளமும் அதில் மீன், யானை, எருமை ஆகியவற்றுடன் நீர்ப்பறவைகளும் தீட்டப்பட்டுள்ளன. கொல்லாமையைத் தலைமை அறமாகக் கொண்ட சமணர் இப்பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்ததற்கு அக்குன்றின் கற்படுக்கைகளும் சான்று.

புதுக்கோட்டை மாவட்டம் பெரிதும் மழையையும் ஏரி, கண்மாய்களையும் நம்பிய பகுதி. நெல்லுடன் நிலக்கடலை, பயறு வகைகள், சிறுதானியங்கள் ஆகியவை இங்கு விளைகின்றன. இத்தகைய ஊர்களில் பறவைக்குத் தீனி வைப்பதற்குத் தனிக் கருவி தேவைப்படவில்லை. ஊரின் வாழ்க்கை முறையே தீனித்தட்டாக இருந்தது.

அறுவடை முடிந்ததும் கதிர் களத்துக்கு வரும். கதிரடித்துத் தூற்றும்போது சிந்திய மணிகளைக் குருவிகளும் புறாக்களும் பொறுக்கும். நெல்லை வேகவைத்து முற்றத்தில் காயவைப்பர். உரலில் குத்தி முறத்தில் புடைக்கும்போது நொய்யும் குருணையும் வாசலில் சிதறும். புழுத்த தானியத்தைக் குருவிக்கென்றே இறைப்பர். காலையில் அரிசி மாவால் இட்ட கோலம் எறும்புக்கும் குருவிக்கும் உணவாகும் என்பது பெரியோர் சொல்லும் காரணம். புது நெல் வந்ததும் முதற்கதிர்களைக் கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்திலோ நிலைவாசலிலோ தொங்கவிடுவர். அது வீட்டுக்கு மங்கலம், குருவிக்கு உணவு. ஓட்டு வீட்டின் உத்திர இடுக்குகளும், சுவரில் மாட்டிய படத்தின் பின்புறமும் அக்குருவிக்கே கூடு கட்டும் இடங்களாயின.

இவற்றோடு சடங்கு சார்ந்த உணவிடலும் இருந்தது. அமாவாசை நாளில் முன்னோரை நினைத்துக் காக்கைக்குச் சோறு வைத்த பின்பே வீட்டார் உண்பர். காக்கை சனீசுவரனின் ஊர்தி என்பதால் சனிக்கிழமைகளில் எள் கலந்த சோறு வைப்போரும் உண்டு. பொங்கலுக்கு மறுநாள் காலையில் சில சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்று உருண்டைகளைப் பறவைகளுக்கு வைத்து, உடன்பிறந்தார் நலம் வேண்டுவது கணுப்பிடி எனப்படும்.

ஓட்டு வீடுகள் காங்கிரீட் வீடுகளாயின. நெல் அறுக்கும் எந்திரம் வந்தபின் கதிர் களத்துக்கு வராமலே நெல் மூட்டையாகி வண்டியில் ஏறுகிறது. அரிசி ஆலையிலிருந்து நெகிழிப் பையில் வருகிறது. புடைப்பதற்கு ஒன்றும் இல்லை. சிந்துவதற்கும் ஒன்றும் இல்லை. இம்மாற்றங்கள் பெண்களின் கடும் உழைப்பைக் குறைத்தன என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் எவரும் திட்டமிடாமலே பறவைக்குக் கிடைத்து வந்த பங்கு, எவரும் திட்டமிடாமலே நின்றுவிட்டது.

திருக்கழுக்குன்றம்: ஒரு மரபின் முடிவு

தமிழ்நாட்டில் காட்டுப் பறவைக்கு நாள்தோறும் உணவிட்ட மிகப் புகழ்பெற்ற இடம் செங்கல்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றம். பட்சி தீர்த்தம் என்றும் இவ்வூருக்குப் பெயர் உண்டு. வேதகிரீசுவரர் மலை மீது நண்பகலில் அருச்சகர் சர்க்கரைப் பொங்கலுடன் காத்திருப்பார். இரண்டு கழுகுகள் வந்து அவர் கையருகே உண்டு செல்லும். அவை காசியில் நீராடி, இங்கு உணவுண்டு, இராமேசுவரம் செல்கின்றன என்றொரு வழக்கும் இருந்தது. இதைக் காண ஐரோப்பியப் பயணிகளும் வந்தனர்.

மக்கள் கழுகு என அழைத்த அப்பறவை உண்மையில் மஞ்சள்முகப் பாறு. பாப்பாத்திக் கழுகு என்பது அதன் பழைய பெயர். பாறைக் குன்றுகளில் கூடு கட்டும் பிணந்தின்னிப் பறவை இது. நூற்றாண்டுகளாக வந்தவை ஒரே இணையாக இருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக வந்தவை. 1990-களில் அவற்றின் வருகை நின்றுபோனது.

அதே காலத்தில் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் பேரழிவைச் சந்தித்தன. கால்நடைகளுக்கு வலி நீக்க மருந்தாகக் கொடுக்கப்பட்ட டைக்குளோபினாக், இறந்த மாட்டை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பது 2004-இல் வெளியான ஆய்வால் உறுதியானது. 2006-இல் இந்திய அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. திருக்கழுக்குன்றத்து இணைக்கு நேர்ந்தது இதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயினும் ஒன்று தெளிவு. மலை மேல் பொங்கல் வைக்கப்பட்டது. மலைக்குக் கீழே இருந்த நிலம் மாறிவிட்டது. உணவிடுதல் மட்டும் ஓர் இனத்தைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தமிழ்நாட்டில் இல்லை.

சிட்டுக்குருவி பற்றிய கவலை

வீட்டில் அரிசி இல்லாத நிலையிலும் இருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்தார் என்று பாரதியாரைப் பற்றி வழங்கும் நிகழ்ச்சியைத் தமிழர் அனைவரும் அறிவர். அக்குருவி நகரங்களில் அரிதானபோது கவலை எழுந்தது இயல்பே. நாசிக் நகரைச் சேர்ந்த முகமது திலாவரின் முயற்சியால் 2010 முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளிகளில் மரப்பெட்டிக் கூடுகள் வழங்கப்படுகின்றன.

2020-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை இது குறித்து இரண்டு செய்திகளைத் தந்தது. நாடு முழுவதையும் நோக்கினால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே உள்ளது, பெருநகரங்களில் குறைந்துள்ளது. கைப்பேசிக் கோபுரங்களே காரணம் என்ற பரவலான கருத்துக்கு உறுதியான சான்று இல்லை. கூடு கட்ட இடமின்மையும், குஞ்சுகளுக்குத் தேவையான பூச்சிகள் குறைந்ததும் முதன்மையான காரணங்களாகக் கருதப்படுகின்றன.

வளர்ந்த சிட்டுக்குருவி தானியம் தின்னும். ஆனால் குஞ்சுக்கு அது ஊட்டுவது புழுவும் பூச்சியும். எனவே மாடியில் கம்பு இறைத்துவிட்டு, கொல்லையில் பூச்சிமருந்து தெளிப்பவர் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறார்.

உணவிடுதல் உதவுகிறதா?

இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை சிக்கடி பற்றிய ஆய்வுகளிலிருந்தே கிடைத்தது. 1980-களில் அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில் மார்கரெட் பிரிட்டிங்காம், ஸ்டான்லி டெம்பிள் இருவரும் தீனி கிடைக்கும் சிக்கடிகளையும் கிடைக்காதவற்றையும் ஒப்பிட்டனர். குளிர்காலம் முடியும்போது தீனி பெற்றவற்றுள் 69 விழுக்காடும், பெறாதவற்றுள் 37 விழுக்காடும் பிழைத்திருந்தன. இவ்வேறுபாடு கடுங்குளிர் நிலவிய மாதங்களில்தான் பெரிதாக இருந்தது.

பறவைகள் சோம்பேறியாகிவிடுமா என்ற ஐயத்தையும் அவர்கள் ஆராய்ந்தனர். தீனித்தட்டுக்கு வரும் சிக்கடிகூடத் தன் அன்றாட ஆற்றலில் ஏறத்தாழ 21 விழுக்காட்டை மட்டுமே அங்கிருந்து பெற்றது. மீதியைத் தானே தேடியது. 25 ஆண்டுகள் தீனி வைத்து வந்த இடத்தில் தட்டுகளை அகற்றிய பின்னும் அங்கிருந்த சிக்கடிகள் மற்றவற்றைப் போலவே பிழைத்தன.

தீனித்தட்டின் எல்லையைக் காட்டியதும் சிக்கடிதான். ஒரு கூட்டுக் குஞ்சுகளை வளர்க்கச் சிக்கடி இணை 6,000 முதல் 9,000 புழுக்களைக் கொண்டுவர வேண்டும் என்று பூச்சியியலாளர் டக்ளஸ் டாலமி எழுதியுள்ளார். அவரும் உடன் ஆய்வாளர்களும் வாசிங்டன் நகரத் தோட்டங்களில் கரோலினா சிக்கடிகளைக் கவனித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். தோட்டத்துத் தாவரங்களில் 70 விழுக்காட்டுக்கும் குறைவாக நாட்டு இனங்கள் இருந்தால் சிக்கடியின் எண்ணிக்கை நிலைத்து நிற்காது என்பது அம்முடிவு. அயல்நாட்டு அழகுச் செடிகளை உண்ண உள்ளூர்ப் புழுக்களுக்குத் தெரியாது. புழு இல்லாத மரம் பறவைக்கு வெறும் நிழல்தான்.

தீங்குகளும் உண்டு. அமெரிக்காவில் 1994 முதல் வீட்டுப் பிஞ்சுகளிடையே கண்நோய் பரவியது. பிரித்தானியாவில் 2005-க்குப் பின் பசும்பிஞ்சுகள் ஒட்டுண்ணி நோயால் பெருமளவில் இறந்தன. பல பறவைகள் ஒரே தட்டில் கூடுவது நோய் பரவ வழி செய்கிறது. இந்திய நகரங்களில் மாடப்புறாவுக்கு மிகுதியாகத் தானியம் இறைப்பது வேறொரு சிக்கலை உண்டாக்கியுள்ளது. புறா எச்சத்தால் நுரையீரல் ஒவ்வாமை நோய் வரக்கூடும் என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். 2025-இல் மும்பை மாநகராட்சி புறாத் தீனி இடங்களை மூட முற்பட்டபோது, நம்பிக்கைக்கும் உடல்நலத்துக்கும் இடையே பெரும் விவாதம் எழுந்தது. சென்னை இராயப்பேட்டையில் நிழற்படக் கருவி பழுதுபார்க்கும் ஒருவர் தம் மாடியில் ஊறவைத்த அரிசியிட்டு ஆயிரக்கணக்கான கிளிகளை வரவழைத்தது நாடறிந்த செய்தி. அதில் அன்பு பெரிது. ஆனால் எல்லோரும் பின்பற்றுவதற்கு ஏற்றது சிறிய அளவே.

உழவர் நோக்கில்

பறவையை வரவேற்பதில் உழவருக்கு நியாயமான தயக்கம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலை முருகன் கோயிலும் சுற்றுப்புறமும் மயில்களுக்குப் பெயர் பெற்றவை. மயில் 1963 முதல் நாட்டின் தேசியப் பறவை. அதே மயில் நிலக்கடலை, நெல் வயல்களில் இறங்கும்போது ஏற்படும் இழப்பு உழவருடையது. பக்தருக்குக் காட்சி, உழவருக்கு நட்டம் என்னும் இம்முரணுக்கு வெறும் அறிவுரை தீர்வாகாது.

இதற்கு மறுபக்கமும் உள்ளது. ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பில் பறவை இருக்கைகளை வேளாண் வல்லுநர் பரிந்துரைக்கின்றனர். ஆங்கில 'டி' எழுத்து வடிவில் குச்சிகளை வயலில் நட்டால் இரட்டைவால் குருவியும் மைனாவும் அவற்றின் மேல் அமர்ந்து புழுக்களையும் அந்துகளையும் பிடித்து உண்ணும். கதிர் முற்றும் பருவத்தில் குச்சிகளை எடுத்துவிடுவர். இது தானியம் வைக்காமலே பறவையை அழைக்கும் முறை. குடுமியான்மலையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி 2014 முதல் செயல்பட்டு வருகிறது. அங்குப் பயிலும் மாணவர் பயிர்க் காவலர் பட்டியலில் பறவைக்கும் ஓர் இடம் உண்டு என்பதை அறிந்தே வெளிவருகின்றனர்.

நடைமுறை

பனி பொழியும் நாட்டில் பறவைக்கு இடர் தருவது குளிர்காலம். புதுக்கோட்டை போன்ற பகுதியில் இடர் தருவது சித்திரை, வைகாசி, ஆனி மாதக் கோடை. எனவே இங்கு முதலில் வைக்க வேண்டியது தானியம் அன்று, நீர். கீழ்க்காணும் முறைகளைப் பள்ளியிலும் வீட்டிலும் பின்பற்றலாம்.

1. வாயகன்ற மண்தட்டில் 2 முதல் 5 செ.மீ. ஆழத்துக்கு நீர் ஊற்றி நிழலில் வைக்க வேண்டும். நடுவே ஒரு கல்லை வைத்தால் சிறு பறவைகள் அதன் மேல் நின்று குடிக்கும். நாள்தோறும் தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்ற வேண்டும். இல்லையெனில் கொசு பெருகும்.

2. கம்பு, தினை, நொய்யரிசி ஆகியவற்றைச் சிறிதளவே வைக்க வேண்டும். மாலைக்குள் தீர்ந்துவிடும் அளவு போதும். மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும், எலியும் வரும்.

3. முறுக்கு, பரோட்டா, பிஸ்கட், உப்புப் போட்ட சோறு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

4. கொண்டைக்குருவிக்கும் குயிலுக்கும் கனிந்த வாழைப்பழம், பப்பாளித் துண்டுகள் ஏற்றவை. தேன்சிட்டுக்குத் தட்டு தேவையில்லை. செம்பருத்தியும் இட்லிப் பூவும் போதும்.

5. தட்டிலிருந்து சில அடி தொலைவில் புதரோ செடியோ இருக்க வேண்டும். வல்லூறு வந்தால் ஒளிய இடம் வேண்டும். ஆனால் பூனை பதுங்கும் அளவுக்கு அது நெருக்கமாக இருக்கக்கூடாது.

6. கண்ணாடிச் சன்னலுக்கு மிக அருகில், ஒரு மீட்டருக்குள், அல்லது 10 மீட்டருக்கு அப்பால் தட்டை வைத்தால் பறவைகள் மோதி இறப்பது குறையும்.

7. வேம்பு, ஆல், அரசு, அத்தி, இலுப்பை, நாவல் முதலிய நாட்டு மரங்களைக் காப்பதே நிலையான உணவிடல். ஒரு முதிர்ந்த ஆலமரம் பழுக்கும்போது தரும் விருந்தை எந்தத் தட்டும் தராது.

8. வரவழைத்த பறவையைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் கூடாது. நாட்டுப் பறவைகளைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.

பார்த்தலும் எண்ணுதலும்

தீனித்தட்டின் பெரும்பயன் அறிவியலுக்கே கிடைத்தது எனலாம். 1900-ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் அமெரிக்கப் பறவையியலாளர் பிராங்க் சாப்மன் பறவைகளைச் சுடுவதற்கு மாற்றாக எண்ணும் வழக்கத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் 27 பேர் கலந்துகொண்டனர். 1987 முதல் வட அமெரிக்காவில் தீனித்தட்டுக்கு வரும் பறவைகளைப் பொதுமக்களே குளிர்காலம் முழுவதும் எண்ணிக் கார்னெல் பறவையியல் ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடைபெறுகிறது. வீட்டு வாசல், வயல், கண்மாய்க் கரை என எங்கிருந்தும் 15 நிமிடம் பறவைகளைக் கவனித்து, இனத்தையும் எண்ணிக்கையையும் இ-பேர்டு தளத்தில் பதிவிடலாம். தமிழில் பறவைகளை எளிய மொழியில் அறிமுகப்படுத்திய முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996). அவர் காட்டிய வழி இதுவே: அருகில் உள்ளதைப் பொறுமையாகப் பார்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை அடுத்துள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதே மாவட்டத்துப் பொத்தகுடியில் 2020-இல் தெருவிளக்கு மின்பெட்டியில் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை ஊர் மக்கள் ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கு இல்லாமல் இருட்டில் வாழ்ந்தனர். இவ்விரு ஊர் மக்களும் செய்தது தானியம் இறைப்பது அன்று. பறவைக்கு வேண்டிய அமைதியையும் இடத்தையும் விட்டுக்கொடுத்தனர்.

களமும் ஓட்டு வீடும் முன்போல் திரும்பி வரப்போவதில்லை. முன்பு தானாக நடந்ததை இனித் தெரிந்து செய்ய வேண்டியிருக்கிறது. நிழலில் ஒரு மண்தட்டு நீர், ஒரு கைப்பிடி தானியம், கொல்லையில் ஒரு நாட்டு மரம், மருந்து தெளிக்காத ஒரு மூலை ஆகியவை ஒரு குடும்பத்தால் முடிந்தவை. தாழ்வாரத்தில் நெற்கதிர் கட்டியவர்கள் அக்காலத்தில் செய்ததும் இவ்வளவே.